சீஹாக் ஹெலிகாப்டர்களும் ஓர் அரசின் ஒப்புதலும்

2019ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் நாள், இந்தியக் கடற்படைக்கு எம்எச்-60ஆர் சீஹாக் வகை ஹெலிகாப்டர்கள் 24ஐ விற்பதற்கு ஒப்புதல் அளித்திருப்பதாக அமெரிக்க வெளியுறவுத் துறை தன் நாட்டு நாடாளுமன்றமான காங்கிரசுக்கு அறிவித்தது. மதிப்பீடு 260 கோடி டாலர். மறுநாள் நம் செய்தித்தாள்கள் பலவற்றில் "இந்தியாவுக்கு 24 ஹெலிகாப்டர்: அமெரிக்கா ஒப்புதல்" என்ற பொருளில் தலைப்புகள் வந்தன. அதைப் படித்தவர்களில் பெரும்பாலோர் ஹெலிகாப்டர்களை வாங்கியாகிவிட்டது என்றே எண்ணினர். உண்மையில் அன்று எதுவும் வாங்கப்படவில்லை. விலையும் முடிவாகவில்லை. விற்க விரும்பும் அரசு, "விற்பதற்கு எங்களுக்குத் தடையில்லை" என்று தன் நாடாளுமன்றத்திடம் சொன்னது, அவ்வளவுதான்.

அந்த ஒப்புதல் என்பது என்ன, அதை யார் தருகிறார்கள், யார் தடுக்கலாம், வாங்கிய பின்னும் அது ஏன் வாங்கிய நாட்டை விட்டு விலகுவதில்லை என்பவற்றை இந்த ஒரு விற்பனையை முன்வைத்து இக்கட்டுரை விளக்குகிறது. ஹெலிகாப்டரை இலங்கைத் தமிழர் உலங்கு வானூர்தி என்பர்; அழகான சொல். ஆனால் எங்கள் வேலூர்ப் பக்கத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை என்பதால் இங்கு ஹெலிகாப்டர் என்றே எழுதுகிறேன்.

வேலூர்ப் பக்கத்துக்கும் இந்தச் செய்திக்கும் தொடர்பு இல்லாமல் இல்லை. 2019 நவம்பரில் ராணிப்பேட்டை மாவட்டம் தனியாகப் பிரியும்வரை வேலூர் மாவட்டத்தில் இருந்த அரக்கோணத்தில்தான் கடற்படையின் ஐஎன்எஸ் ராஜாளி விமானத்தளம் உள்ளது. இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஓடுதளம் ஒன்று இருந்த இடத்தில் எழுந்த இத்தளத்தை 1992 மார்ச் 11 அன்று அப்போதைய குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் நாட்டுக்கு அர்ப்பணித்தார். கடற்படையின் ஹெலிகாப்டர் விமானிகளை உருவாக்கும் 561ஆம் பிரிவுப் பயிற்சிப் பள்ளி இங்குதான் நடக்கிறது. 2024 ஜூனில் கடற்படையின் முதல் பெண் ஹெலிகாப்டர் விமானியாகப் பயிற்சி முடித்த அனாமிகா பி. ராஜீவ் வெளிவந்ததும் இப்பள்ளியிலிருந்தே. ஒடுகத்தூர், அணைக்கட்டுப் பக்கத்து மாணவர்களுக்குக் கடற்படை என்றால் விசாகப்பட்டினமும் கொச்சியும் நினைவுக்கு வரும், அரக்கோணம் வருவதில்லை. கடலே இல்லாத ஊரில் கடற்படைத் தளமா என்று வகுப்பில் கேட்டவர்கள் உண்டு. விமானத்துக்கு வேண்டியது நீண்ட ஓடுதளம்; கடல் சில நிமிடப் பறப்பில் வந்துவிடும்.

பழைய ஹெலிகாப்டரின் கதை

சீஹாக் ஏன் தேவைப்பட்டது என்பதை அறிய சீ கிங்கிலிருந்து தொடங்க வேண்டும். சீ கிங் பிரிட்டனின் வெஸ்ட்லேண்ட் நிறுவனம் கட்டிய ஹெலிகாப்டர். அதன் மூல வடிவம் அமெரிக்க சிகோர்ஸ்கி நிறுவனத்துடையது. உரிமம் பெற்று பிரிட்டன் கட்டியது. 1971 ஏப்ரலில் கொச்சியில் சீ கிங்குகளைக் கொண்ட 330ஆம் பிரிவு தொடங்கப்பட்டது. அவ்வாண்டின் இறுதியிலேயே வங்கதேசப் போர் வந்தது. பின்னர் 1980களின் பிற்பகுதியில் மேம்பட்ட 42பி வகை வந்து சேர்ந்தது.

நீர்மூழ்கியைத் தேடுவதுதான் இதன் முதன்மையான பணி. இதைப் புரிந்துகொள்ள நம் கிணற்றையே நினைத்துக்கொள்ளலாம். ஹெலிகாப்டர் கடலுக்கு மேலே ஒரே இடத்தில் நின்றபடி, ராட்டினத்தில் வாளியை இறக்குவது போல நீண்ட கம்பியில் ஒலிக்கருவி ஒன்றை நீருக்குள் இறக்கும். அக்கருவி ஒலியை அனுப்பி, எதிரொலியைக் கேட்கும். இரும்பு உடல் ஒன்று கீழே இருந்தால் எதிரொலி மாறும். அங்கே இல்லையென்றால் கம்பியைச் சுருட்டிக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போகும். கப்பலால் இவ்வளவு விரைவாக இடம் மாற முடியாது. நீர்மூழ்கிக்கோ தலைக்கு மேல் நிற்கும் ஹெலிகாப்டரைத் தாக்குவது எளிதன்று. போர்க்கப்பலின் பின்தளத்தில் ஹெலிகாப்டர் இல்லையென்றால் அந்தக் கப்பலுக்குப் பாதிக் காது இல்லை என்று சொல்லலாம்.

1998 மே 11, 13 ஆகிய நாட்களில் பொக்ரானில் இந்தியா அணுகுண்டுச் சோதனை நடத்தியது. அமெரிக்கா பொருளாதாரத் தடை விதித்தது. இந்தியா அமெரிக்காவிடம் நேரடியாக வாங்கிய போர்க்கருவிகள் அப்போது மிகக் குறைவு. ஆகவே தடை படைகளை அதிகம் தொடாது என்று தோன்றலாம். ஆனால் சீ கிங்கைத் தொட்டது. வாங்கியது பிரிட்டனிடம், எனினும் அதன் உறுப்புகள் சிலவற்றின் மூல உரிமம் அமெரிக்காவுடையது. அமெரிக்க அனுமதியின்றி பிரிட்டிஷ் நிறுவனத்தால் உதிரிபாகங்களை அனுப்ப முடியவில்லை. கணிசமான சீ கிங்குகள் பறக்க முடியாமல் கொட்டகையில் நின்றன. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் அதே மாதத்திலேயே அமெரிக்கா இத்தடைகளை விலக்கிக்கொண்டது. இடைப்பட்ட மூன்றாண்டுகளில், நடுவே கார்கில் போரும் நடந்தது.

பாடநூல்களில் பொக்ரான் வரும், தடை வரும். கொட்டகையில் நின்ற ஹெலிகாப்டர்கள் வருவதில்லை. விற்பனை ஒப்புதல் என்றால் என்ன என்று மாணவருக்கு விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. ஒப்புதல் ஒரு முறை தரப்பட்டு முடிந்துவிடுவதன்று. ஒவ்வொரு திருகாணிக்கும் அது மீண்டும் மீண்டும் தேவைப்படும்.

எங்கள் ஒடுகத்தூர் ஆட்டுச் சந்தையில் விலை படிந்து கயிறு கை மாறிவிட்டால், அந்த ஆட்டை வாங்கியவர் வளர்க்கிறாரா, ஆம்பூருக்கு பிரியாணிக்கு அனுப்புகிறாரா என்பதில் விற்றவருக்குப் பேச்சில்லை. ஆயுத விற்பனையில் கயிறு முழுவதுமாகக் கை மாறுவதே இல்லை. ஒரு முனை எப்போதும் விற்றவர் கையில்தான் இருக்கும்.

வாங்கத் திணறிய ஆண்டுகள்

சீ கிங்குகளுக்கு வயதாகிக்கொண்டிருந்தது. புதிய போர்க்கப்பல்கள் ஒவ்வொன்றாக இறங்கின. அவற்றில் ஏற்ற ஹெலிகாப்டர் போதவில்லை. பலநோக்கு ஹெலிகாப்டர் 16 வாங்குவதற்கான ஒப்பந்தப்புள்ளியில் சிகோர்ஸ்கியின் எஸ்-70பி தேர்வாகியும், விலைப் பேச்சு படியாமல் 2017இல் அது கைவிடப்பட்டது. இதற்கிடையே 2014 செப்டம்பரில் சீன நீர்மூழ்கி ஒன்று கொழும்புத் துறைமுகத்துக்கு வந்து போனது. சில வாரங்களில் மீண்டும் ஒன்று வந்தது. ராமேசுவரத்திலிருந்து பார்த்தால் கொழும்பு தூரமில்லை. நீர்மூழ்கியைத் தேடும் கருவிக்கான அவசரம் அதற்குப் பின் கூடியது.

வேறொரு நிகழ்வும் இங்கே நினைக்கத் தக்கது. குடியரசுத் தலைவர், பிரதமர் போன்றோர் பயணத்துக்காக அகஸ்டாவெஸ்ட்லேண்ட் நிறுவனத்திடம் 12 ஹெலிகாப்டர்கள் வாங்க 2010 பிப்ரவரியில் ஒப்பந்தமானது. மதிப்பு சுமார் 3,600 கோடி ரூபாய். கையூட்டுக் குற்றச்சாட்டு எழுந்து, 2014 ஜனவரி 1 அன்று ஒப்பந்தத்தை இந்தியா ரத்து செய்தது. இதற்குப் பின், தரகர்களுக்கு இடமில்லாத, அரசுக்கு அரசு நேரடியாகச் செய்யும் கொள்முதல் மேல் என்ற எண்ணம் டெல்லியில் வலுப்பெற்றதில் வியப்பில்லை.

2018 ஆகஸ்டில் பாதுகாப்புக் கொள்முதல் குழு 24 பலநோக்கு ஹெலிகாப்டர்கள் வாங்க இசைவு தந்தது. அப்போது பாதுகாப்பு அமைச்சர் மதுரையில் பிறந்த நிர்மலா சீதாராமன். இந்தியாவின் பக்கத்தில் இது முதல் ஒப்புதல். மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: இப்படிப்பட்ட கொள்முதலில் இரு நாடுகளிலும் தனித்தனியே ஒப்புதல்கள் உண்டு. "அரசு ஒப்புதல்" என்று செய்தி வந்தால், எந்த அரசு, எந்தப் படி என்று பார்க்காமல் பொருள் கொள்ளக்கூடாது.

அமெரிக்க ஒப்புதல் எப்படி வேலை செய்கிறது

அமெரிக்காவில் ஆயுதம் வெளிநாட்டுக்குப் போக இரண்டு வழிகள் உள்ளன. ஒன்றில், வாங்கும் நாடு நிறுவனத்தோடு நேரடியாக ஒப்பந்தம் செய்துகொள்ளும். அமெரிக்க அரசு ஏற்றுமதி உரிமம் மட்டும் தரும். ராஜாளியில் இருக்கும் பி-8ஐ விமானங்களுக்காக 2009 ஜனவரியில் போயிங்கோடு இந்தியா செய்த ஒப்பந்தம் இவ்வகை. இன்னொன்றில், வாங்கும் நாட்டுக்கு விற்பவர் அமெரிக்க அரசே. வாங்கும் நாடு வேண்டுகோள் கடிதம் அனுப்பும். அமெரிக்க அரசு விலையும் நிபந்தனையும் குறித்து வழங்கல் ஏற்புக் கடிதம் என்ற ஆவணத்தைத் தரும். கையெழுத்தான பின் அமெரிக்க அரசு நிறுவனத்திடம் வாங்கி, நமக்குக் கொடுக்கும். இதற்கு நிர்வாகக் கட்டணமும் உண்டு. 2018 ஜூன் முதல் அது 3.2 விழுக்காடு. சீஹாக் இந்த இரண்டாம் வழியில் வந்தது.

இதற்கு அடிப்படை 1976ஆம் ஆண்டின் ஆயுத ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம். வியட்நாம் போருக்குப் பின், குடியரசுத் தலைவர் தன் விருப்பப்படி ஆயுதம் விற்பதைக் காங்கிரஸ் கட்டுப்படுத்த முனைந்த காலம் அது. குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட விற்பனை எதுவானாலும் காங்கிரசுக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். பெரும் போர்க்கருவி என்றால் 1.4 கோடி டாலரே வரம்பு. அறிவித்தபின் 30 நாள் பொறுக்க வேண்டும். நேட்டோ நாடுகளுக்கும் ஜப்பான், ஆஸ்திரேலியா, தென்கொரியா, இசுரேல், நியூசிலாந்து ஆகியவற்றுக்கும் 15 நாள் போதும். தொகை வரம்பும் அவற்றுக்கு உயர்வு. இந்தியா இந்தப் பட்டியலில் இல்லை.

இந்த 30 நாளில் காங்கிரஸ் என்ன செய்யலாம்? இங்கே ஒரு சுவையான கிளைக்கதை உண்டு. 1976 சட்டத்தின்படி இரு அவைகளும் சேர்ந்து தீர்மானம் இயற்றினால், குடியரசுத் தலைவரின் கையெழுத்தே இல்லாமல் விற்பனை நின்றுவிடும். ஜகதீஷ் ராய் சட்டா என்பவர் கென்யாவில் இந்தியப் பெற்றோருக்குப் பிறந்து, அமெரிக்காவுக்குப் படிக்கப் போனவர். விசாக் காலம் முடிந்தும் தங்கியதால் அவரை வெளியேற்றும் நடவடிக்கை வந்தது. குடிவரவு நீதிபதி அதை நிறுத்திவைத்தார்; காங்கிரசின் கீழவை தீர்மானம் போட்டு அந்த முடிவைத் தள்ளியது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. குடியரசுத் தலைவரின் கையெழுத்துக்கு அனுப்பாமல் காங்கிரஸ் இப்படித் தீர்மானத்தால் மட்டும் அரசின் முடிவை ரத்து செய்வது அரசியலமைப்புக்கு முரண் என்று 1983இல் தீர்ப்பானது. ஒரு மாணவரின் விசா வழக்கு, ஆயுத விற்பனையில் காங்கிரசின் கையையும் கட்டிவிட்டது. அதன்பின் சட்டம் திருத்தப்பட்டு, தடைத் தீர்மானமும் குடியரசுத் தலைவர் கையெழுத்துக்குப் போயாக வேண்டும் என்றானது. விற்க விரும்புபவரே அவர்தான். தன் விற்பனையைத் தடுக்கும் தீர்மானத்தில் அவர் ஏன் கையெழுத்திடுவார்?

1986இல் சவூதி அரேபியாவுக்கு ஏவுகணை விற்பதைக் காங்கிரஸ் எதிர்த்தது. ரீகன் மறுப்பாணை போட்டார். அதை முறியடிக்க மேலவையில் ஒரே ஒரு வாக்கு குறைந்தது. 2019 ஜூலையில் சவூதிக்கும் அமீரகத்துக்குமான விற்பனைகள் பற்றிய மூன்று தீர்மானங்களை டிரம்ப் மறுத்தார். இவ்வழியில் காங்கிரஸ் ஒரு விற்பனையையும் இதுவரை முழுமையாக நிறுத்தியதில்லை.

அப்படியானால் காங்கிரசுக்கு அறிவிப்பது வெறும் சடங்கா? இல்லை. முறையான அறிவிப்புக்கு முன்பே, சம்பந்தப்பட்ட குழுக்களின் தலைவர்களிடம் முறைசாராமல் கருத்துக் கேட்பது வழக்கம். அவர்களில் ஒருவர் "பொறுங்கள்" என்றால் பெரும்பாலும் அறிவிப்பே வராது. சட்டத்தில் எழுதாத இந்தப் பூட்டுத்தான் வலுவான பூட்டு. எம்க்யூ-9பி ஆளில்லா விமானங்கள் 31ஐ இந்தியாவுக்கு விற்பதில் இது நடந்தது. அமெரிக்காவில் சீக்கியப் பிரிவினைவாதி ஒருவரைக் கொல்லச் சதி நடந்ததாக எழுந்த குற்றச்சாட்டைச் சரியாக விசாரிப்போம் என்ற உறுதி கிடைக்கும்வரை, மேலவை வெளியுறவுக் குழுத் தலைவர் பென் கார்டின் அதை நிறுத்திவைத்திருந்தார். 2024 பிப்ரவரி 1 அன்றுதான் 399 கோடி டாலர் மதிப்பீட்டுடன் அறிவிப்பு வந்தது. அவ்வகையின் கடற்படை வடிவத்தைக் குத்தகைக்கு எடுத்து 2020 முதல் பறக்கவிட்டு வந்த இடம் நம் அரக்கோணம்.

அறிவிப்பில் என்ன இருந்தது

2019 ஏப்ரல் அறிவிப்பை வாசித்தால் அது ஒரு மளிகைப் பட்டியல் போல இருக்கும். ஹெலிகாப்டர் 24. ரேடார் 30, அதில் 24 பொருத்தப்பட்டவை, 6 உபரி. என்ஜின் 60, ஒவ்வொன்றிலும் இரண்டு வீதம் 48, உபரி 12. நீரில் இறக்கும் ஒலிக்கருவி 24. வீசியெறியும் ஒலி மிதவைகள் 1,000. எம்கே 54 நீர்மூழ்கிக் குண்டு 30. ஹெல்ஃபயர் ஏவுகணை 10. துப்பாக்கிகள், பயிற்சி, ஆவணங்கள், தொழில்நுட்ப உதவி எனப் பட்டியல் நீளும்.

இங்கே ஒரு கணக்குப் பாடம். 260 கோடியை 24ஆல் வகுத்து, ஒரு ஹெலிகாப்டர் விலை சுமார் 10.8 கோடி டாலர் என்று எழுதுபவர்கள் உண்டு. வகுத்தல் சரி, முடிவு தவறு. அந்தத் தொகையில் ஏவுகணையும் பயிற்சியும் உபரி என்ஜினும் அடக்கம். அதோடு, அறிவிப்பில் வரும் தொகை உச்ச மதிப்பீடு. ஒப்பந்தம் அதைவிடக் குறைவாக அமையலாம்.

இத்தகைய அறிவிப்புகளில் சில வாக்கியங்கள் நாடு மாறினாலும் மாறா. இந்த விற்பனையால் அப்பகுதியின் அடிப்படைப் படைச் சமநிலை மாறாது என்பது அவற்றில் ஒன்று. மாறாது என்றால் எதற்காக வாங்குகிறார்கள் என்று ஒரு மாணவர் கேட்டால் ஆசிரியருக்குப் பதில் சொல்வது கடினம். அது சட்டத் தேவைக்காக எழுதப்படும் வாக்கியம் என்பதே நேர்மையான பதில்.

இந்தியாவைக் குறிக்க அறிவிப்பு பயன்படுத்திய சொல்லும் கவனிக்கத் தக்கது. இந்தியா அமெரிக்காவின் உடன்படிக்கைக் கூட்டாளி அன்று. ஒருவர் தாக்கப்பட்டால் மற்றவர் வருவார் என்ற ஒப்பந்தம் இரு நாட்டுக்கும் இல்லை. அணிசேராமையைப் பேசிய நாட்டுக்கு அது ஒவ்வாது. ஆகவே 2016 ஜூனில் "முதன்மைப் பாதுகாப்புப் பங்காளி" என்ற புதிய பெயர் இந்தியாவுக்காகவே உண்டாக்கப்பட்டது. 2018 செப்டம்பர் 6 அன்று டெல்லியில் காம்காசா என்னும் தகவல்தொடர்பு உடன்பாடு கையெழுத்தானது. மறைகுறியாக்கிய அமெரிக்கத் தொடர்புக் கருவிகளைப் பெற அது தேவை. கூட்டாளி என்ற பெயர் இல்லாமல், கூட்டாளிக்குத் தரும் கருவியைத் தருவதற்கு இப்படிப் படிக்கட்டுகள் கட்டப்பட்டன.

ஒப்புதலிலிருந்து தளம் வரை

அறிவிப்பு வந்து 30 நாள் எதிர்ப்பின்றிக் கழிந்தது. பின்னரும் பத்து மாதம் பேச்சு நடந்தது. 2020 பிப்ரவரியில் பாதுகாப்புக்கான அமைச்சரவைக் குழு இறுதி இசைவு தந்தது. அதே மாதம் 24ஆம் நாள் அகமதாபாத் மொட்டேரா மைதானத்தில் பெருங்கூட்டத்தின் முன் டிரம்ப், 300 கோடி டாலருக்கு மேற்பட்ட ஹெலிகாப்டர் விற்பனை மறுநாள் கையெழுத்தாகும் என்று அறிவித்தார். அதில் சீஹாக் 24உடன், தரைப்படைக்கான அப்பாச்சி ஹெலிகாப்டர்கள் ஆறும் சேர்த்தி. அந்த ஆறுக்கான அமெரிக்க ஒப்புதல் 2018 ஜூனிலேயே, 93 கோடி டாலர் மதிப்பீட்டில் வந்திருந்தது.

2021 ஜூலை 16 அன்று கலிஃபோர்னியாவின் சான் டியாகோ கடற்படைத் தளத்தில் முதல் இரண்டு சீஹாக்குகள் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டன. முதலில் பெற்றவற்றைக் கொண்டு அமெரிக்காவிலேயே நம் குழுவினர் பயிற்சி பெற்றனர். 2022இல் கொச்சிக்கு ஹெலிகாப்டர்கள் வரத் தொடங்கின. 2023 மே 31 அன்று ஒரு சீஹாக் புதிய விக்ராந்த் கப்பலின் தளத்தில் முதன்முதலாக இறங்கியது. 2024 மார்ச் 6 அன்று கொச்சி ஐஎன்எஸ் கருடாவில் 334ஆம் பிரிவு முறையாகத் தொடங்கப்பட்டது. அறிவிப்பு வந்த நாளுக்கும் பிரிவு தொடங்கிய நாளுக்கும் இடையே ஐந்தாண்டுக்குச் சற்றுக் குறைவு. அப்பாச்சிக்கு இன்னும் தாமதம்: தரைப்படைக்கான முதல் மூன்று 2025 ஜூலையில்தான் வந்தன. அவற்றுக்காக ஜோத்பூரில் அமைத்த பிரிவு, ஹெலிகாப்டர் இல்லாமலே 15 மாதம் காத்திருந்தது.

கயிற்றின் மறுமுனை

அமெரிக்காவிடம் வாங்கிய கருவியை அதன் அனுமதியின்றி மூன்றாம் நாட்டுக்குத் தர முடியாது. சொன்ன நோக்கத்துக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும். கருவி இருக்கிறதா என்று அமெரிக்க அதிகாரிகள் வந்து பார்க்கலாம். இதற்கான பொது உடன்பாட்டுக்கு இந்தியா 2009 ஜூலையில், ஹிலாரி கிளின்டன் வந்தபோது இசைந்தது. அதற்கு முன்பே ஐஎன்எஸ் ஜலாஷ்வா என்ற கப்பல் இந்த விவாதத்தைக் கிளப்பியிருந்தது. அமெரிக்காவின் பழைய டிரென்டன் கப்பல் அது. 2007இல் ஆறு யுஎச்-3எச் ஹெலிகாப்டர்களோடு வாங்கப்பட்டது. அதைத் தாக்குதல் நோக்கில் பயன்படுத்துவதற்குக் கட்டுப்பாடும், அமெரிக்கர் வந்து சரிபார்க்கும் உரிமையும் ஒப்பந்தத்தில் இருப்பதை 2008இல் நம் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை சுட்டிக் கடிந்தது. போர்க்கப்பலை வாங்கிப் போருக்குக் கேட்டுத்தான் அனுப்ப வேண்டுமா என்ற கேள்வி நியாயமானதே.

ஆனால் மறுபக்கமும் உண்டு. தமிழ் வாசகருக்கு அது எளிதில் புரியும். 1980களின் நடுவில் இலங்கை விமானப்படை வாங்கிய பெல் 212, 412 வகை ஹெலிகாப்டர்களில் பின்னர் துப்பாக்கிகள் பொருத்தப்பட்டன. வடக்கிலும் கிழக்கிலும் அவை எப்படிப் பயன்பட்டன என்பது அங்கிருந்து வந்து நம் ஊர் முகாம்களில் வாழ்ந்த பெரியவர்களுக்குத் தெரியும். விற்பவர் பின்னர் கேள்வி கேட்கும் உரிமையே கூடாது என்று நாம் சொல்வோமானால், அந்த ஹெலிகாப்டர்களைப் பற்றியும் யாரும் கேட்டிருக்கக்கூடாது என்றாகிவிடும்.

இந்தியா விற்பவராக நின்றபோதும் இந்தக் கயிறு வேலை செய்திருக்கிறது. எச்ஏஎல் கட்டும் துருவ் ஹெலிகாப்டரை மியன்மருக்குத் தரும் பேச்சு 2007இல் எழுந்தபோது, அதில் ஐரோப்பிய உறுப்புகள் இருப்பதால் அது ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆயுதத் தடையை மீறும் என்று அம்னெஸ்டி உள்ளிட்ட அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. ஈக்வடார் 2008இல் 4.52 கோடி டாலருக்கு ஏழு துருவ் வாங்கியது. நான்கு விழுந்து நொறுங்க, 2015இல் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது. மாலத்தீவுக்கு நாம் தந்த இரு ஹெலிகாப்டர்களை இயக்கப் போன நம் படைவீரர் 2024 மே 10க்குள் வெளியேற வேண்டும் என்று அந்நாட்டு அதிபர் முய்சு கெடு வைத்தார். கொடுப்பவரின் ஆட்கள் கூடவே இருப்பது, வாங்கியவருக்கு எப்படித் தோன்றும் என்பதை அப்போது நாம் கொடுப்பவர் இடத்திலிருந்து பார்த்தோம்.

எது நாட்டை விட்டுப் போகலாம், எது கூடாது என்பதை அரசு தீர்மானிப்பது எங்கள் தோல் வட்டாரத்துக்குப் புதிதன்று. 1970களில் சீதாராமையா குழுவின் பரிந்துரைக்குப் பின் பச்சைத் தோலும் பாதி பதனிட்ட தோலும் ஏற்றுமதியாவது கட்டுப்படுத்தப்பட்டது. முழுதாகப் பதனிட்ட தோலும் காலணியும் போகட்டும் என்பது நோக்கம். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டுத் தொழில் இன்றுள்ள வடிவத்துக்கு வந்ததில் அந்த முடிவுக்குப் பெரும்பங்கு உண்டு. ஆயுதத்தில் இந்தியாவின் கட்டுப்பாட்டுப் பட்டியலுக்கு ஸ்காமெட் என்று பெயர். அதன் ஆறாம் பிரிவில் வரும் போர்க்கருவிகளுக்குப் பாதுகாப்பு உற்பத்தித் துறை அனுமதி தர வேண்டும்.

2024 டிசம்பர் 2 அன்று அமெரிக்க வெளியுறவுத் துறை மீண்டும் ஓர் அறிவிப்பு வெளியிட்டது: ஏற்கெனவே விற்ற சீஹாக்குகளுக்கான தகவல் பரிமாற்றக் கருவிகள் 30, மற்றும் தொடர்புடைய பொருள்கள், 117 கோடி டாலர் மதிப்பீட்டில். 1998ஐ அறிந்தவர்க்கு இதில் வியப்பில்லை. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்கள் பலவற்றின் மீது அமெரிக்கா 50 விழுக்காடு வரி விதித்தது. அதில் பாதி, ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்கான தண்டனை. ஆம்பூர், ராணிப்பேட்டையின் தோல் பொருள், காலணி ஏற்றுமதியாளரும் அதில் மாட்டினர். முதன்மைப் பாதுகாப்புப் பங்காளி என்ற பெயர் அவர்களைக் காக்கவில்லை. அந்த வரி நடப்பில் இருந்தபோதே, அதே ஆண்டு நவம்பர் 28 அன்று, 24 சீஹாக்குகளின் பராமரிப்புக்காகவும் உதிரிபாகங்களுக்காகவும் சுமார் 7,995 கோடி ரூபாய்க்கு அமெரிக்க அரசோடு இந்தியப் பாதுகாப்பு அமைச்சகம் வழங்கல் ஏற்புக் கடிதத்தில் கையெழுத்திட்டது. டிசம்பரில் கோவாவின் ஐஎன்எஸ் ஹன்சாவில் சீஹாக்கின் இரண்டாம் பிரிவான 335 தொடங்கப்பட்டது.